அளந்து பார்த்த புத்தகம்

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் பதினாறு வருஷம் எல்லாச் சாட்சிகளும் ரயில் கால அட்டவணையின் மேல் கை வைத்துத்தான் சத்தியம் செய்தார்கள். இதை நான் சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஊரில் எனக்கு ‘அளப்பர்’ என்று பெயர். ஒரு சாட்சி அவ்வளவு ஒல்லி, கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே நழுவி வெளியே விழுந்துவிட்டார், குறுக்கு விசாரணையை வாசற்படியில் வைத்துத்தான் முடித்தோம் என்று நான் சொன்னதை இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். அவர் ஒல்லிதான், ஆனால் விழவில்லை. அட்டவணை விஷயம் மட்டும் நிஜம். அதுதான் என் தலையெழுத்து.

நான் அந்த நீதிமன்றத்தில் சேவகன். பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் முன்னால் வேதபுத்தகத்தை நீட்ட வேண்டும். முப்பது வருஷம் இதே வேலை. எங்கள் ஊர் வேதத்துக்குக் கட்டுப்பட்ட ஊர். ஆஸ்பத்திரியைக் கட்டியது சபை, பள்ளிக்கூடத்தைக் கட்டியது சபை. நகரசபைக் கூட்டம் ஜெபத்தோடு ஆரம்பிக்கும். வரி கூட்டுகிற நாளில் ஜெபம் கொஞ்சம் நீளும். கடைத்தெருவில் பேரம் முற்றினால் கடைக்காரர், “வேணும்னா கோர்ட்டுப் புத்தகத்து மேல கை வைக்கிறேன்” என்பார். அதோடு பேரம் முடிந்துவிடும்.

அந்தப் புத்தகம் சபையின் முதல் போதகர் தன் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. கறுப்புக் கம்பளித் துணியில் உறை போட்டு நாலு பக்கமும் தைத்திருக்கும். தொடத்தான் புத்தகம், திறக்க அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை என் மனைவி தையலைப் பிரித்து, உறையைத் துவைத்து, மறுபடி மாட்டித் தைத்துத் தருவாள். அப்படி உறை எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, நீதிமன்ற மாடி ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு முட்டுக் கொடுக்கிற கட்டையைக் காணோம். புழுக்கமோ தாங்கவில்லை. கைக்கு அகப்பட்டது புத்தகம். ஐந்தே நிமிஷம் என்று முட்டுக் கொடுத்தேன்.

காற்று ஜன்னலைப் பிடுங்கி இழுத்தது. புத்தகம் பறந்தது. கீழே போய்க்கொண்டிருந்த குப்பை லாரியில் போய் விழுந்தது. மூன்று தெரு ஓடினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏதோ குப்பை போட ஓடிவருகிறேன் என்று நினைத்து, “நாளைக்கு வருவோம்!” என்று கத்திவிட்டு வேகமெடுத்தார்.

முதல் போதகரின் கையெழுத்தைக் குப்பையில் போட்ட சேவகனுக்கு அந்த ஊரில் வேலை ஏது? குமாஸ்தாவின் இழுப்பறையில் பழைய ரயில் கால அட்டவணை ஒன்று கிடந்தது. நீளமும் அகலமும் கிட்டத்தட்ட சரி. தடிமன் கொஞ்சம் குறைவு. அதை உறைக்குள் நுழைத்து நானே தைத்தேன். திங்கட்கிழமை வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஏழு வழக்கு. செவ்வாய்க்கிழமை ஐந்து. அப்படியே பதினாறு வருஷம் ஓடிப்போயிற்று. துவைக்க வெறும் உறையைத்தான் மனைவியிடம் கொடுப்பேன், தையலைப் பிரிப்பதும் போடுவதும் நானே.

ஊரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்பு எவ்வளவு உண்மை சொன்னார்களோ அவ்வளவேதான் சொன்னார்கள். உண்மைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருமுறை சாட்சி சொல்ல வந்து புத்தகத்தில் கை வைத்ததும் முகம் வெளுத்துப்போய், “ஏன் இப்படிச் சுடுது?” என்று கேட்டார். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

அட்டவணை வந்த ஏழாம் வருஷம். நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு தச்சர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சபையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பாடுவார். குரல், ஈர மரத்தை ரம்பம் அறுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மனசோடு பாடுவார். யாராலும் வேண்டாமென்று சொல்ல முடியாது. ஒருநாள் காலை அவரும் அவர் மனைவியும் புதிதாகச் செய்த கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். முன்னால் மனைவி, பின்னால் தச்சர். கதவு ரொம்பக் கனம் என்று நடுவில் நின்று மூச்சு வாங்கினார்கள். அப்போது அங்கே நிறுத்தியிருந்த வேன் ஒன்று பின்னால் நகர்ந்தது. தச்சரின் முதுகில் இடித்தது. தச்சர் கதவோடு முன்னால் சாய, கதவு தள்ளி, மனைவி நடைபாதை விளிம்பில் விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. பிழைத்தாள், ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. இன்றுவரை குனிய முடியாது.

வேனை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை அவன் தலை சீவத்தான் வைத்திருந்தான். அன்றைக்கும் சீவிக்கொண்டுதான் இருந்தான். நீதிமன்ற வாசலில் நின்று முழுவதையும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

“மச்சான், வேன் நின்னுக்கிட்டு இருந்துச்சு, அவர்தான் பின்னால வந்து இடிச்சாருன்னு சொல்லிருங்க. ஒரே வார்த்தை.”

“அது ஒரு வார்த்தை இல்லடா. எண்ணிப் பாரு.”

“விளையாடாதீங்க மச்சான். லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்றது?”

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். “அவன் உள்ள போனா எங்கம்மா உசிரோட இருக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்” என்றாள். இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷமாயிற்று. மாமியார் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்.

கூண்டில் ஏறினேன். அன்றைக்குப் புத்தகத்தை நீட்டியது குமாஸ்தா. கை வைத்தேன். உறைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் உள்ளங்கைக்குக் கீழே காலை எட்டுப் பத்து விரைவு வண்டி இருந்தது. அது ஒருநாளும் எட்டுப் பத்துக்கு வந்ததில்லை. அதன் பொய்யோடு என் பொய்யும் போகட்டும், இதில் கடவுளுக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன். வேன் நின்றுகொண்டிருந்தது, தச்சர்தான் பார்க்காமல் பின்னால் வந்தார் என்று தெளிவாகச் சொன்னேன். நான் திணறாமல் சொன்ன ஒரே கதை அதுதான்.

வழக்கு தள்ளுபடி. தச்சர் என் சட்டையைப் பிடிப்பார் என்று வாசலிலேயே நின்றேன். பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் நின்ன எடத்துலதான் நின்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். முதுகுல இடிச்சது தெரியும், யாரு யாரை இடிச்சதுன்னு எப்படிண்ணே தெரியும்? என் பொண்டாட்டிய நானே தள்ளிவிட்டுட்டு அந்தப் பையன் மேல பழி போட்டேன் பாருங்க.”

“அப்படியெல்லாம்…” என்று ஆரம்பித்தேன். 

“நீங்க புத்தகத்து மேல கை வச்சுச் சொன்னீங்கல்ல. அதுக்கு மேல என்னண்ணே இருக்கு?”

அந்த வாரமே போய் என் மைத்துனனிடம் மன்னிப்புக் கேட்டார். வேனின் பின்பக்கத்துக்குப் புதுப் பலகை அடித்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. மைத்துனன் மன்னித்தான். அவன் பெருந்தன்மை அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தச்சர் இரண்டாவது பெஞ்சில் இல்லை. கடைசி பெஞ்சின் சுவர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பாடவில்லை. ஒன்பது வருஷம் பாடவில்லை. தினமும் காலையில் மனைவிக்கு முன்னால் மண்டிபோட்டுச் செருப்பு வாரை மாட்டிவிட்டுத்தான் பட்டறையைத் திறப்பார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில் எப்போதும் ஒரே இடத்தில், உட்காருகிற இடத்தில், ஒட்டுப் போட்டிருக்கும். அது ஏன் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அவரைப் பார்ப்பதைத் தவிர்ப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை. வாசல் பக்கம் வராமல், கக்கூஸ் சந்து வழியாக வேலைக்குப் போனேன். ஊரார், அளப்பருக்கு வயிறு சரியில்லை போல என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஓய்வு நாள் நெருங்கியபோது புதிய நீதிபதி அம்மா வந்தார். இனிமேல் சத்தியத்துக்குப் புத்தகம் வேண்டாம், நிஜம் சொல்வேன் என்று வாயால் சொன்னால் போதும் என்றார். ஊரில் எல்லா மாதிரி மனிதர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே புத்தகம் எதற்கு என்று கேட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரு மாதம் சண்டை போட்டது. கடைசியில் புத்தகத்தை மரியாதையோடு சபைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. என் கடைசி வேலை நாளில் நீதிமன்றத்திலேயே ஒரு சின்னக் கூட்டம். நான் என் கையால் கொடுப்பேன். போதகர் வாங்கி, உறையைப் பிரித்து, முதல் போதகரின் கையெழுத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஒரு பகுதி வாசிப்பார். ஊர் முழுக்க அதைக் கேட்க, போதகர் ‘பயணிகள் கவனத்திற்கு’ என்று ஆரம்பிப்பது என் காதில் இப்போதே விழுந்தது.

புத்தகத்துக்கு ஒரு பெட்டி செய்ய ஒரு தச்சர் தானாகவே முன்வந்திருக்கிறார் என்றார் குமாஸ்தா. எந்தத் தச்சர் என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், அளவு எடுப்பதற்காகப் புத்தகத்தைக் கையில் கொடுத்து என்னையே தச்சரிடம் அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் மரத்தூள் வாசனை. ஜன்னல் ஓரம் உயரமான நாற்காலியில் தச்சரின் மனைவி உப்புத்தாளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. சந்து வழியாவா வந்தீங்க?” என்றாள். எல்லாம் கவனித்திருக்கிறாள்.

தச்சர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கினார். “எனக்கு என் தப்பக் காட்டுன புத்தகம்ணே. இதுக்குப் பெட்டி நான்தான் செய்யணும்” என்றார். இரும்பு ஸ்கேலை வைத்தார். நீளம் எழுதினார். அகலம் எழுதினார். தடிமன் பார்த்தவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மறுபடி அளந்தார்.

“அண்ணே, ஒண்ணே கால் அங்குலம்தான் இருக்கு.”

“அதனால என்ன?”

“வேதபுத்தகத்துக்கு இதோட ஆறு பெட்டி செஞ்சிருக்கேன். எவ்வளவு மெல்லிசான தாள்ல அடிச்சாலும் இந்த நீளத்துக்கு ரெண்டு அங்குலத்துக்குக் கொறையாது. பாதியக் காணோமே.”

பழக்க தோஷம் என் வாயைத் திறந்தது. “அது ஒண்ணுமில்ல தம்பி. யாராவது பொய்ச் சத்தியம் பண்ணா புத்தகத்துல ஒரு பக்கம் கொறையும். அறுபது எழுபது வருஷத்துப் பொய். எளைச்சுப் போச்சு, பாவம்.”

தச்சர் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உறையை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

“அப்ப என் வழக்குல ஒரு பக்கம்கூடக் கொறஞ்சிருக்காது. நீங்க இருந்தீங்கல்ல” என்றார்.

என் வாழ்க்கையில் எவ்வளவோ அளந்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை அளக்க என்னால் முடியவில்லை. அங்கே கிடந்த உளியை எடுத்து உறையின் தையலை நானே அறுத்தேன். அட்டவணையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். குப்பை லாரியைச் சொன்னேன். திங்கட்கிழமையைச் சொன்னேன். எட்டுப் பத்து வண்டியைச் சொன்னேன். “வேன்தான் தம்பி பின்னால வந்துச்சு. நீங்க நகரவே இல்ல. நான் பார்த்தேன். நான் சொன்னது பொய்” என்றேன். காலம் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல், எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

தச்சர் அட்டவணையின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

“இது எந்த வருஷத்து அட்டவணை?” என்றார்.

சொன்னேன். தலையை ஆட்டினார்.

பேசியது அவர் மனைவி. “நான் ஆஸ்பத்திரியிலேயே சொன்னேனா இல்லையா? நீங்க பின்னால போயிருந்தா கதவு மொதல்ல என் கையை இழுத்திருக்கணும். இழுக்கல. தள்ளுச்சு. ஒன்பது வருஷமா இதையேதானே சொல்றேன்? கட்டுன பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டீங்க. ஊரே அளப்பர்னு சொல்ற மனுஷன் சொன்னா நம்புவீங்க!”

“அவரு கை வச்சுச் சொன்னாரு” என்றார் தச்சர் மெல்ல.

“எதும்மேல? எட்டுப் பத்து வண்டி மேல!”

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உப்புத்தாளை மட்டும் விடாமல் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் மண்டியிடப் போனேன். “அதெல்லாம் வேண்டாண்ணே, முட்டி வலிக்கும்” என்றார் தச்சர். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். “நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க. என்கிட்டச் சொன்ன மாதிரியே.”

“பெட்டி?”

“அளவுதான் எடுத்தாச்சே” என்றார்.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னேன். “என் தம்பியக் காட்டிக் கொடுக்கப் போறீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். போய் என் சீருடைக்கு இஸ்திரி போட்டாள். காலருக்கு அவ்வளவு கஞ்சி அவள் என்றைக்கும் போட்டதில்லை. நாள் முழுக்கக் கழுத்தை அறுத்தது.

நீதிமன்றம் நிறைந்திருந்தது. மேஜையில் தச்சர் செய்த பெட்டி. முன்வரிசையில் போதகர். நாலாவது வரிசையில் என் மைத்துனன், தலை சீவி, புதுச்சட்டை போட்டு, மச்சானுக்கு மாலை போட வந்திருந்தான். நீதிபதி அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வாசலுக்குப் போய் என் பெயரை நானே மூன்று தடவை கூப்பிட்டேன். பிறகு “இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு கூண்டில் ஏறினேன்.

அப்போதே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். நான் குப்பை லாரியைச் சொன்னதும் மீதிப் பேரும் சிரித்தார்கள். பெட்டியைத் திறந்து அட்டவணையைத் தூக்கிக் காட்டினேன். கை தட்டினார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடைசி நாள்லயும் விடலையே ஐயா!” என்றார். நான் பொய்ச் சாட்சி சொன்னேன், வேன்தான் இடித்தது என்றேன். “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். என்ன சொன்னாலும் சிரிக்கிற ஊரை முப்பது வருஷமாக நானே வளர்த்து வைத்திருந்தேன். சிரிக்காதவர்கள் மூன்று பேர். தச்சர், அவர் மனைவி, என் மைத்துனன்.

“சத்தியமாச் சொல்றேன்” என்று கத்தினேன். அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு.

தச்சர் எழுந்தார். புத்தகம் எதையும் தொடவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை.

“அவர் அளக்கல” என்றார். “அளந்தது நான்.”

சிரிப்பு நின்றது. அந்த மனிதர் ஒரு பலகையை அரை அங்குலம் கூட்டிச் சொன்னதாகக்கூட ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. நீதிபதி அம்மா அட்டவணையை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “எது மேல கை வச்சீங்கங்கிறது எனக்கு முக்கியமில்ல. சொன்ன வாய் உங்க வாய்தானே?” என்றார். பதினாறு வருஷத்து வழக்குகளில் எதையும் திரும்பத் திறக்க வேண்டியதில்லை, இந்த ஒன்றைத் தவிர என்றும் சொன்னார். மைத்துனன் மாலையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

எனக்கு ஆறு வாரம் சிறை கிடைத்தது. நான் கூப்பிட்டு அனுப்பிய பலபேர் படுத்த பாய் அது. அங்கே ஒருவரும் என்னிடம் கதை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மைத்துனனுக்கு லைசென்ஸ் போயிற்று. மனைவி இப்போது பேசுகிறாள், உப்பு எங்கே இருக்கிறது என்கிற அளவுக்கு. அந்தப் பெட்டியில் இன்றைக்கும் அட்டவணைதான் இருக்கிறது. வேறு புத்தகம் எதுவும் அந்த அளவுக்குப் பொருந்தாது.

வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். தச்சர் இரண்டாவது பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பு வாரை இன்னமும் அவர்தான் மாட்டிவிடுகிறார் என்று கேள்வி. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம்.

பாட்டு ஆரம்பித்தது. அவர் வாயைத் திறந்தார். ஒன்பது வருஷம் சேர்த்து வைத்தது எல்லாம் வெளியே வந்தது. வாத்தியம் வாசித்த பெண் இரண்டு இடத்தில் தடுமாறினாள். முன்வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டது.

நான் கடைசி பெஞ்சுக்குப் போய், சுவர் ஓரத்தில், அவர் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டேன். பலகையிலிருந்து ஓர் ஆணி அரை விரல் உயரத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகத் துணி உரசி உரசி அதன் தலை வெள்ளியாகப் பளபளத்தது. ஊரிலேயே நல்ல தச்சர். பையில் எப்போதும் சுத்தியல் வைத்திருப்பவர். ஒரே அடி போதும் அதற்கு.

பாட்டு இரண்டாவது அடிக்கு வந்தது. நான் மறுபடி அதன் மேலேயே உட்கார்ந்தேன். போன வாரம் என் மனைவி கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து, எங்கே கிழித்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். ஏதோ ஒரு கதை சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒட்டு மட்டும் போட்டுக் கொடுத்தாள்.